லாக் வேறு, பிடி வேறு

பொருட்காட்சி ராட்டினத்தில் இருந்து யாராவது விழுந்தால், மறுநாள் பேப்பரில் அநேகமாக ஒரே வாக்கியம்தான் வரும்: ராட்டினத்தில் இருந்து தவறி விழுந்தார். எனக்கு இந்தத் 'தவறி' மேல் ரொம்ப நாளாக ஒரு கோபம் உண்டு. மாடிப்படியில் தவறி விழலாம். பஸ் படிக்கட்டில் தவறி விழலாம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு, உட்கார வைத்து, கம்பியை இறக்கி, லாக் போட்டு, அதன் பிறகு சுழற்றுகிற ஒரு எந்திரத்தில் இருந்து ஒருத்தர் எப்படித் 'தவறி' விழ முடியும்? தவற விடாமல் பிடிப்பதற்குத்தானே அந்தக் கம்பி?

எங்கள் பக்கம் இதேபோல இன்னொரு சொல் இருக்கிறது: உராய்வு. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை எங்கே பட்டாசு ஆலையில் வெடித்தாலும் முதல் தகவல் 'உராய்வினால் விபத்து' என்றுதான் வரும். உராய்வு நடந்திருக்கும், அதில் பொய் இல்லை. ஆனால் அது கடைசி நொடியைச் சொல்கிறதே தவிர, அந்த நொடிக்கு முன்னால் ஷெட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு மருந்து இருந்தது என்பதைச் சொல்வதில்லை. 'தவறி'யும் அப்படித்தான்.

இந்தக் குறிப்பு அந்தக் கம்பியைப் பற்றியது. குறிப்பாக, ரோலர் கோஸ்டரிலும் தலைகீழாகச் சுற்றும் ராட்டினங்களிலும் தலைக்கு மேலிருந்து இறங்கி இரண்டு தோளையும் அணைக்கிற கம்பி. இதற்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லை. ராட்டினக்காரர்கள் 'லாக்' என்கிறார்கள். நான் இங்கே தோள்கம்பி என்கிறேன். தொடைமேல் மட்டும் குறுக்கே விழுவது மடிக்கம்பி.

எப்படி வேலை செய்கிறது?

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலை ஒட்டி கே.வி.எஸ். பள்ளி மைதானத்தில் போடும் பொருட்காட்சிதான் எங்கள் வயசுக்காரர்கள் நிறைய பேருக்கு ராட்டினம் அறிமுகமான இடம். அந்தக் காலத்து ராட்டினங்களில் தோள்கம்பி கிடையாது. கொலம்பஸ், டிராகன் ரயில் எல்லாவற்றிலும் குறுக்கே ஒரு மடிக்கம்பி, ஒரு கொண்டி, கூடிப்போனால் ஒரு சங்கிலி. தோள்கம்பி நம் ஊர்த் திருவிழாக்களுக்குப் பிறகு வந்த விருந்தாளி.

உலக அளவில் இதன் கதை 1970-களில் சூடு பிடிக்கிறது. 1975-இல் கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெரி ஃபார்மில் ஆரோ நிறுவனத்தின் 'கார்க்ஸ்க்ரூ' ஓடத் தொடங்கியது. ஆட்களைத் தலைகீழாகக் கொண்டுபோய்த் திருப்பிய முதல் நவீன கோஸ்டர் அதுதான். அதற்குப் பிறகு 'தலைகீழ் என்றால் தோள்கம்பி' என்பது தொழிலில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

உள்ளே இருக்கும் சங்கதி எளிமையானது. இருக்கைக்குப் பின்னால் ஒரு அச்சு. கம்பி அதில் மேலும் கீழும் அசையும். கீழே அழுத்தினால் 'டக் டக்' என்று ஒவ்வொரு பல்லாக இறங்கினால் அது பல்சக்கர வகை. சத்தமில்லாமல் எந்த இடத்திலும் நின்றால் எண்ணெய் உருளை வகை. பல்சக்கரத்தில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் உங்கள் உடம்பு வந்துவிட்டால் ஒன்று நெஞ்சு நசுங்கும், இல்லை ஒரு பல் அளவு இடைவெளி இருக்கும். எண்ணெய் உருளையில் அந்தத் தொந்தரவு இல்லை. நல்ல வடிவமைப்பில் பூட்டு இரண்டாக இருக்கும், ஒன்று போனால் இன்னொன்று பிடிக்கும். கரண்டு போனால் பூட்டு திறக்காது, திறக்கத்தான் கரண்டு வேண்டும். இதற்கு மேல் கம்பியின் கீழ்முனையை இருக்கையோடு இணைக்கிற ஒரு பெல்ட்டும், கீழ்வழியாக வழுக்கிவிடாமல் இருக்கத் தொடைகளுக்கு நடுவே ஒரு திமிலும் உண்டு. கம்பியைப் பார்க்கிறவர்கள் இந்தப் பெல்ட்டையும் திமிலையும் கவனிப்பதில்லை. பின்னால் சொல்லப்போகும் விஷயத்துக்கு இவை இரண்டும்தான் முக்கியம்.

காதில் அடி

தோள்கம்பி மேல் உலகம் முழுக்க இருக்கும் முதல் புகார் வலி. தலையின் இரண்டு பக்கமும் கம்பி இருக்கிறது. வண்டி சட்டென்று இடமிருந்து வலம் திரும்புகிறது. உடம்பை இருக்கை பிடித்துக்கொள்கிறது, தலையைப் பிடிக்க ஆளில்லை. ஒரு பெரிய ஆளின் தலை சுமாராக 5 கிலோ. பக்கவாட்டில் 1.5 ஜி விசை வந்தால் கழுத்து ஏழரைக் கிலோவைத் தாங்குகிற கணக்கு. கழுத்து விட்டுக்கொடுக்கும், காது போய்க் கம்பியில் இடிக்கும். வெக்கோமா நிறுவனத்தின் பூமராங் மாதிரியான பழைய வண்டிகளில் போனவர்களிடம் கேளுங்கள், முதலில் காதைத்தான் தடவிக் காட்டுவார்கள்.

குள்ளமானவர்களுக்கு இது இரட்டிப்பு. ஒரு பெரிய பூங்காவில் (பெயர் வேண்டாம்) என் அத்தை மகள் ஜிமிக்கி போட்டுக்கொண்டு ஏறினாள். உயர அளவுகோலைத் தாண்டியவள்தான், ஆனால் கம்பியின் பஞ்சு அவள் தோளில் உட்காரவில்லை, காது மட்டத்தில் நின்றது. இறங்கும்போது காதுமடலில் ரத்தம். அங்கிருந்த பையன், "கம்மலக் கழட்டிட்டு வரணும்க்கா" என்றான். சொன்னது சரிதான், ஆனால் ஏற்றும்போது சொல்லியிருக்க வேண்டும். ஜிமிக்கியைக் கழற்றினாலும் கம்பி காதில்தான் இடிக்கும் என்பது வேறு கதை.

இந்த வலி பற்றிப் பேசினால், 'பாதுகாப்புக்காகக் கொஞ்சம் வலியைப் பொறுத்துக்கக் கூடாதா?' என்று ஒரு பதில் வரும். நியாயமான பதில் மாதிரி தெரியும். ஆனால் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது.

1976-இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் 'ரெவல்யூஷன்' என்ற கோஸ்டர் திறந்தது. ஆன்டன் ஷ்வார்ஸ்கோஃப் கட்டியது, வெர்னர் ஸ்டெங்கல் கணக்குப் போட்டது. முழு வளையம் உண்டு, ஆட்கள் தலைகீழாகப் போவார்கள். ஆனால் இருந்தது மடிக்கம்பி மட்டும்தான். எப்படி? வளையத்தின் வடிவம் அப்படி. அது வட்டமல்ல, தலைகீழாகப் பிடித்த நீர்த்துளி மாதிரி மேலே குறுகி இருக்கும். அதனால் உச்சியில்கூட விசை உங்களை இருக்கைக்குள்தான் அழுத்துமே தவிர வெளியே இழுக்காது. இதற்கு 80 வருஷம் முன்பு அமெரிக்காவில் சரியான வட்டமாக வளையம் கட்டிப் பார்த்தார்கள், ஏறியவர்களுக்குக் கழுத்து போனது. அதை ஸ்டெங்கல் சரிசெய்தது கம்பியால் இல்லை, பாதையின் வளைவால்.

பிறகு 1992-இல் ரெவல்யூஷனுக்குத் தோள்கம்பி வைத்த புது வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். பாதை அதே பழைய பாதை. அதன் பக்கவாட்டுத் திருப்பங்களில் தலை தாராளமாக ஆடிப் பழகியது. இப்போது ஆடுகிற தலைக்கு இரண்டு பக்கமும் இரும்பு. அதுவரை வழவழவென்று ஓடியதாகப் பேர் வாங்கியிருந்த கோஸ்டர், தலையிடிக்கும் கோஸ்டர் என்று கெட்ட பேர் வாங்கியது. 2016-இல் தோள்கம்பியைக் கழற்றிவிட்டு மறுபடியும் மடிக்கம்பிக்கே திரும்பினார்கள்.

ஆக, கூடுதல் கம்பி என்றால் கூடுதல் பாதுகாப்பு என்கிற சமன்பாடு தானாக வருவதில்லை. பாதை எந்தப் பக்கம் உடம்பைத் தள்ளுகிறது என்று தெரிந்த பிறகுதான், எங்கே பிடிக்க வேண்டும் என்று முடிவு பண்ண முடியும். அமெரிக்கத் தரநிலையான ஏ.எஸ்.டி.எம். எஃப் 2291 இதைத்தான் செய்கிறது. விசையின் திசையையும் அளவையும் ஒரு படமாக வரைந்து, பகுதி பகுதியாகப் பிரித்து, இந்தப் பகுதிக்கு இந்த வகுப்புத் தாங்கி என்று சொல்கிறது. கடைசி வகுப்புக்குப் போனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாங்கி, மாற்றுப் பூட்டு, பூட்டியதை உறுதிப்படுத்தும் ஏற்பாடு எல்லாம் கட்டாயம்.

வலியும் ஆபத்தும் ஒரே இடத்தில்

வலியை வெறும் சொகுசுப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாததற்கு இன்னொரு காரணம், வலிக்கிற கம்பியை ஆட்கள் ஏமாற்றுவார்கள் என்பது. கம்பி இறங்கும்போது மூச்சை இழுத்து நெஞ்சை உப்பி வைத்துக்கொள்வது, பல்சக்கர வகையில் நடுவழியில் இன்னொரு பல் இறங்கி நசுக்கும் என்று பயந்து கைமுட்டியை அண்டக் கொடுப்பது, துப்பட்டாவைச் சுருட்டி இடையில் வைப்பது, காதில் இடிக்காமல் இருக்கக் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டே போவது. நான் பார்க்காத ராட்டினமே இல்லை, இதில் ஒன்றாவது எல்லா இடத்திலும் நடக்கும். இந்த ஒவ்வொன்றும் உடம்புக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு இடைவெளியை உண்டாக்குகிறது. அந்த இடைவெளிதான் ஆபத்து.

லாக் விழுந்ததா என்று பார்ப்பது சுலபம். விளக்கு எரியும், 'டக்' என்று கேட்கும், பையன் ஒரு இழு இழுத்துப் பார்ப்பான். ஆனால் பூட்டியிருக்கிறது என்பதும் பிடித்திருக்கிறது என்பதும் ஒன்றில்லை. வீட்டுக் கதவு பூட்டியிருந்தாலும் கம்பி அகலமாக இருந்தால் பூனை வெளியே வந்துவிடும்.

இதற்கு இதைவிட நேரடியான உதாரணம் வேண்டாம் என்கிற மாதிரி ஒரு விபத்து 2022 மார்ச் 24 அன்று ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் நடந்தது. 'ஃப்ரீ ஃபால்' என்று ஒரு கோபுரம், 430 அடி. கோஸ்டர் இல்லை, மேலே தூக்கி அப்படியே விடுகிற வகை, ஆனால் பிடிப்பது இதே தோள்கம்பிதான். 14 வயதுப் பையன் ஒருவன் கீழே வரும்போது, வேகம் குறைகிற இடத்தில், இருக்கையில் இருந்து வழுக்கி விழுந்து இறந்துபோனான். விசாரணையில் தெரிந்தது: கம்பி உடையவில்லை, பூட்டு திறக்கவில்லை. அவன் உட்கார்ந்த இருக்கையின் உணரியை யாரோ கையால் மாற்றி வைத்திருந்தார்கள். மற்ற இருக்கைகளில் அனுமதித்ததைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடைவெளி இருந்தாலும் 'சரி' என்று விளக்கு எரியும்படி. பெரிய உடம்புக்காரர்களும் ஏற வேண்டுமே! தயாரிப்பாளர் கையேட்டில் எடை வரம்பு 130 கிலோ. பையன் 170 கிலோவுக்கு மேல். இடையில் பெல்ட் கிடையாது. அந்தக் கோபுரத்தை 2023-இல் கழற்றிவிட்டார்கள்.

அதாவது எந்திரம் பொய் சொல்லவில்லை. எந்திரத்துக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

அப்போ மடிக்கம்பியே போதுமா?

அதுவும் இல்லை. 2011 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் டேரியன் லேக் பூங்காவில் இரண்டு கால்களையும் போரில் இழந்த ஒரு முன்னாள் ராணுவ வீரர், மடிக்கம்பி மட்டுமே உள்ள 'ரைட் ஆஃப் ஸ்டீல்' கோஸ்டரில் இருந்து வெளியே எறியப்பட்டு இறந்தார். மடிக்கம்பி பிடிப்பது தொடையை, அவருக்குப் பிடிக்கக் கொடுக்கத் தொடை போதுமானதாக இல்லை. 2013 ஜூலையில் டெக்ஸஸ் ஜயன்ட் கோஸ்டரில் ஒரு பெண் விழுந்து இறந்தார். அங்கேயும் மடிக்கம்பிதான். மறுபடி திறக்கும்போது பெல்ட் சேர்த்தார்கள், வரிசைக்கு வெளியே ஒரு மாதிரி இருக்கையை வைத்தார்கள். ஏறுவதற்கு முன் அதில் உட்கார்ந்து பார்க்கலாம்.

நம் பொருட்காட்சி மடிக்கம்பியில் இன்னொரு வில்லங்கம் உண்டு. ஒரே கம்பி இரண்டு பேருக்கு, மூன்று பேருக்கு. அப்பாவும் ஏழு வயசு மகளும் சேர்ந்து உட்காருகிறார்கள். கம்பி அப்பாவின் தொப்பையில் போய் முட்டி நின்றுவிடும். லாக் விழுந்தாச்சு. மகளின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு பனங்காய் புகும். 'நான் பக்கத்துல பிடிச்சுக்கிறேன்' என்று அப்பா சொல்வார். எடை எகிறுகிற அந்த நொடியில் யார் கையும் யாரையும் பிடிக்காது. தென்மாவட்டத்தில் ஒரு ஊர்ப் பொருட்காட்சியில் நான் இதைச் சொன்னபோது ராட்டினக்காரர் சிரித்துவிட்டு, "இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்லண்ணே" என்றார். இந்த வாக்கியம் பட்டாசுக் கம்பெனிகளிலும் கேட்டுப் பழகியதுதான்.

கம்பியால் ஆகாதவை

எல்லாப் பழியையும் கம்பி மேல் போட முடியாது. 2016 மே மாதம் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவில் ஒரு புது ராட்டினத்தின் சோதனை ஓட்டத்திலேயே ஊழியர் ஒருவர் இறந்தார். 2019 ஜூனில் பூந்தமல்லி குயின்ஸ்லேண்டில் கோபுர ராட்டினத்தின் கேபிள் அறுந்தது. அடுத்த மாதமே அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் ராட்டினத்தின் தண்டு முறிந்து 2 பேர் இறந்தார்கள். எலும்பே முறிந்தால் சட்டைப் பொத்தான் என்ன செய்யும்? அதே சமயம் 2025 ஏப்ரலில் டெல்லி ஃபன் அண்ட் ஃபுட் வில்லேஜில் ஓடும் கோஸ்டரில் இருந்து விழுந்து 24 வயதுப் பெண் ஒருவர் இறந்தது நேராகத் தாங்கியின் விஷயம்.

2025 மே மாதம் சென்னை விஜிபி பூங்காவில் ஒரு ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோய், 30-க்கும் மேற்பட்டவர்கள் மூன்று மணி நேரம் போல மேலேயே இருந்தார்கள். தீயணைப்புத் துறை ஸ்கை லிஃப்ட் கொண்டுவந்து இறக்கியது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லாரும் மறந்துவிட்டோம். ஆனால் இங்கேதான் சொகுசும் பாதுகாப்பும் ஒன்றாகின்றன. இரண்டு நிமிஷத்துக்காக வடிவமைத்த தாங்கி மூன்று மணி நேரம் ஒரு உடம்பை வைத்திருக்கும்போது, அது எங்கே அழுத்துகிறது என்பது மருத்துவக் கேள்வி ஆகிவிடுகிறது. ஒவ்வொரு இருக்கையாகக் கையால் திறந்து ஆளை இறக்க முடியுமா என்பதும் அப்படித்தான்.

நாலு பேர் கணக்கு

சிவகாசிப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி: மருந்து ஷெட்டில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த நாலு ஏதோ ஒரு அதிகாரியின் விருப்பம் இல்லை, வெடித்தால் எத்தனை உயிர் என்கிற கணக்கு. தீபாவளி நெருங்கும், ஆர்டர் குவியும், நாலு ஆறாகும், எட்டாகும். வராண்டாவிலும் மரத்தடியிலும் வேலை நடக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 பேர் போனதை இந்த ஊர் மறக்காது. ஆர்லாண்டோவில் உணரியை நகர்த்திய கையும், இங்கே ஷெட்டில் அஞ்சாவது ஆளை உட்கார வைத்த கையும் ஒரே காரியத்தைத்தான் செய்தன. வந்த கூட்டத்துக்கு ஏற்ப வரம்பைத் தளர்த்தின.

அதனால் என் விமர்சனம் தோள்கம்பி மேல் பாதிதான். அது சரியாகப் பொருந்தினால் நல்ல தாங்கி. ஸ்விட்சர்லாந்தின் பி அண்ட் எம் நிறுவனம் 2011 முதல் சில கோஸ்டர்களில் இரும்பு வளைவுக்குப் பதிலாகத் தோளில் மென்மையான சட்டை மாதிரி விழுகிற தாங்கியை வைக்கிறது. தலையிடிப் புகார் அவற்றில் வெகுவாகக் குறைவு. தொழில்நுட்பம் நின்றுபோன இடத்தில் நாம் இல்லை. மீதிப் பாதி விமர்சனம், ராட்டினப் பாதுகாப்பு என்று பேச்சு எடுத்தாலே தூணின் உறுதி, வயரிங், தீயணைப்பான் என்று பட்டியல் போட்டு நிறுத்திக்கொள்கிற நம் பழக்கத்தின் மேல். ராட்டினங்களுக்கென்று ஐ.எஸ். 15475 என்று இந்தியத் தரநிலையே இருக்கிறது. ஆனால் திருவிழா மைதானத்தில் ஒரு பத்து வயசுப் பிள்ளையை உட்கார வைத்து, கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது என்று யார் பார்க்கிறார்கள்?

செலவு பெரிதில்லை. குறைந்தபட்ச இடைவெளி அளவுக்கு ஒரு மரக்கட்டை செதுக்கி, தினமும் காலையில் ஒவ்வொரு இருக்கையிலும் வைத்துக் கம்பியை இறக்கிப் பார்க்கலாம். கட்டை உருவிக்கொண்டு வந்தால் அந்த இருக்கைக்கு அன்றைக்கு லீவு. வரிசைக்கு வெளியே ஒரு மாதிரி இருக்கை வைக்கலாம். குள்ளம், உயரம், பருமன் என்று கூட்டத்துக்கு நடுவே யாரையும் இறக்கிவிட்டு அவமானப்படுத்தாமல் இருக்க அதுதான் வழி. கூட்டு மடிக்கம்பியில் பெரியவரையும் சின்னப் பிள்ளையையும் சேர்த்து உட்கார வைக்காமல் இருப்பதற்குக் காசே வேண்டாம்.

ஏறப்போகிற உங்களுக்கு: கம்பி இறங்கும்போது மூச்சை விடுங்கள், பிடிக்காதீர்கள். இருக்கையில் பின்னால் ஒட்டி உட்காருங்கள். கம்மல், ஜிமிக்கி, செயினைக் கழற்றுங்கள். இறங்கிய பிறகு நீங்களே கம்பியை மேலே தூக்கிப் பாருங்கள், ஆடினால் கையைத் தூக்கிச் சத்தம் போடுங்கள். பெல்ட் இருந்தால் அது மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தோளில் உட்காராமல் காதில் நிற்கிற கம்பி உங்களுக்கானது இல்லை, இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசு திரும்பக் கிடைக்காமல் போகலாம், போகட்டும்.

பேப்பர்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'தவறி விழுந்தார்' என்று எழுதும் முன், கம்பி எந்த வகை, பெல்ட் இருந்ததா, இடைவெளி எவ்வளவு என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்றே போடுங்கள்.